‘ஹாவ்’ எப்பொழுது வரும்?

கல்லடிப் பாலத்தருகே நின்று வாவியை நோக்கும் மாணவன், ‘இப்பாலத்தை நான் கடந்திருக்கிறேன்’ என்று நாள் குறியாது அனுபவத்தை மாத்திரம் கூறக் கருதின் ஆங்கிலத்தில் ‘ஐ ஹாவ் கிராஸ்ட்’ என்றும், ‘நேற்றுக் கடந்தேன்’ எனக் காலத்தைச் சுட்டின் ‘ஐ கிராஸ்ட்’ என்றும் உரைத்தல் வேண்டும். நேற்று, சென்ற வருஷம் முதலிய சொற்கள் வாக்கியத்தில் வந்தவுடனே ‘ஹாவ்’ விலகிவிடும். தமிழிலோ ‘நேற்று வந்திருக்கிறான்’ என்பது வழுவன்று, ஆதலினாலேயே ‘ஹி ஹாஸ் கம் யெஸ்டர்டே’ என்ற பிழை நம்மவர் நாவில் எளிதாக நேர்கின்றது. இவ்விடத்தில் விசேஷ கவனம் வேண்டுமென்பது எனது உறுதியான அபிப்பிராயம்.

காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் வெளிவந்தது என்பதற்கு, ஆண்டு சுட்டப்பட்டமையின், ‘கேம் அவுட்’ என்பதே போதும். அந்நூலை நீர் வாசித்ததுண்டோ என வினவுங்கால் ‘ஹாவ் யூ ரெட்’ எனத் தொடங்குக.