கணிப்பொறியின் துடிப்பை உயர்த்துதல்

கணிப்பொறியின் மையச் செயலி ஒரு கடிகாரத் துடிப்பிற்கு ஏற்ப இயங்குகின்றது. ஆக்கியோர் குறித்த அளவுக்கு மேல் அத்துடிப்பை உயர்த்தி வேகம் பெறுவதையே ‘ஓவர்கிளாக்கிங்’ என்பர். எனக்குக் கணிப்பொறி ஒன்றே, அதுவும் பழையது. புள்ளியியல் கணக்குகளை அதிலேதான் செய்கிறேன். எனவே அதைக் கெடுக்காமல் வேகம் கூட்ட நான் கைக்கொண்ட முறையை இங்குத் தருகிறேன்.

வேகம் எங்கிருந்து வருகின்றது?

என் செயலி 2007 ஜனவரியில் வெளிவந்த இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600. தாய்ப்பலகை தரும் 266 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை இது 9 மடங்காக்கி ஏறத்தாழ 2400 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். 9 என்னும் பெருக்கெண்ணை உயர்த்த வழியில்லை; அடிப்படைத் துடிப்பையே உயர்த்த வேண்டும். 1998இல் வந்த செலரான் 300ஏ இவ்வழியில்தான் புகழ்பெற்றது. 66ஐ 100 ஆக்கியதும் 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450இல் ஓடியது.

இஃது எவ்வாறு இயலும்? எல்லாச் சில்லுகளும் ஒரே தரத்தில் அமைவதில்லை. நலிந்த சில்லும் வெப்பச் சூழலில் பிழையின்றி இயங்கக்கூடிய வேகத்தையே ஆக்கியோர் குறிக்கின்றனர். நல்ல சில்லில் மிச்சம் இருக்கும்.

எல்லை யாது?

2400 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் காலம் 0.417 நானோவினாடி, 2700இல் 0.370. அதற்குள் மின்குறிகள் நிலைபெறாவிடில் விடை பிழையாகும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் குறிகள் விரையும். ஆனால் செலவாகும் மின்திறன் துடிப்பையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. துடிப்பை 12.5 விழுக்காடும் மின்னழுத்தத்தை 8 விழுக்காடும் உயர்த்தினால் மின்திறன் ஏறத்தாழ 31 விழுக்காடு உயரும். அவ்வளவும் வெப்பமே!

செய்முறை

முதலில் கோப்புகளுக்குப் படியெடுத்து, பயாஸில் உள்ள பழைய அளவுகளைக் குறித்துக்கொள்க. விசிறித் தூசியை அகற்றி, வெப்பப் பசையைப் புதிதாக இடுக. பி.சி.ஐ. துடிப்பை 33இல் நிறுத்துக. நினைவகம் தன் அளவை மீறாதவாறு அதன் விகிதத்தைக் குறைக்க. மின்னழுத்தத்தைத் ‘தானியங்கு’ நிலையில் விடலாகாது. பலகை தானே அதை ஏற்றிவிடக்கூடும். பின்னர்ப் பத்துப் பத்தாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் சோதிக்க. கணிப்பொறி எழவில்லையெனில், மின்னிணைப்பை நீக்கிச் சிறிய மின்கலத்தைச் சற்று நேரம் எடுத்துவைத்தால் பழைய அளவுகள் மீளும்.

சோதனைக்கு நான் கொண்டது ‘பிரைம்95’. அது விடை தெரிந்த பெருங்கணக்குகளைச் செயலியிடம் தந்து, வரும் விடையை ஒப்பிடும். மின்னழுத்தத்தைக் கூட்டாமல் 310 வரை சென்றேன், பிழையில்லை. 320இல் இரண்டு மணி நேரத்தில் பிழை காட்டியது. அப்போதும் திரையில் மற்ற யாவும் இயல்பாகவே ஓடின என்பதைக் கவனிக்க வேண்டும். கோடை நண்பகலையும் எண்ணி 300இல் நிறுத்தினேன். செயலியையே நம்பிய எட்டு மணி நேரக் கணக்கு இனி ஏறத்தாழ ஏழு மணி ஏழு நிமிடத்தில் முடியும்.

நின்றுபோகும் கணிப்பொறியால் பெருந்தீங்கில்லை, மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். ஓடிக்கொண்டே தவறான விடை தருவதே தீங்கு. அவ்விடையை நம்பி நாம் அட்டவணை வரைவோம், முடிவும் எழுதுவோம். ஆதலின் புதிதாகப் பயில்வோர் எத்தனை மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது என்பதற்கு முன், விடை சரியா என்று கேட்கப் பழகுதல் வேண்டும்.