எது நம்ம டென்ட்? இருட்டில் வழி சொல்லும் விளக்கை வாங்குவது எப்படி

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கமெல்லாம் இப்போது தனியார் கேம்ப் சைட்டுகள் வந்துவிட்டன. மொத்தமாக வாங்கிய ஒரே நிற டென்ட்டுகள் வரிசையாக நிற்கும். பகலில் சிக்கலில்லை. ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்திய பிறகு கழிப்பறைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு எல்லா டென்ட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மூடுபனி இறங்கிவிட்டாலோ டென்ட்டே தெரியாது. யாருடைய ஜிப்பையோ திறந்துவிட்டு மன்னிப்புக் கேட்பதோடு போனால் பரவாயில்லை. அங்கே நிலமெல்லாம் படிப்படியாக வெட்டியது. வரப்பென்று நினைத்து வைத்த கால் ஆள் உயரம் கீழே போய் நிற்கும்.

இதற்குப் பலர் செய்வது, இருப்பதிலேயே அதிக வெளிச்சம் தரும் டார்ச்சை வாங்கி வருவது. கையிலோ தலையிலோ இருக்கும் டார்ச் காலடியைக் காட்டும், அவ்வளவுதான். டென்ட் எங்கே என்று சொல்வது டென்ட்டிலேயே தொங்கும் இன்னொரு சின்ன விளக்கின் வேலை. அது விடியும் வரை எரிய வேண்டும், பக்கத்து விளக்குகளிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும். வெளிச்சம் மூன்றாம் பட்சம்.

முதலில் லூமன் மயக்கத்தை விடுங்கள். ஒரு மெழுகுவர்த்திச் சுடர் தருவது சுமார் 12 லூமன். நல்ல இருட்டில் அந்தச் சுடர் வெறும் கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று டெக்சாஸைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2015இல் கணக்கிட்டார்கள், சுமார் 2.6 கிலோமீட்டர் என்று வந்தது. உங்களுக்கு வேண்டியது 100, 200 மீட்டர். ஐந்து லூமனே தாராளம். அட்டைப்பெட்டியில் ‘150 மீ’ என்று போட்டிருப்பதைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். டார்ச்சுகளுக்கான எஃப்எல்-1 தர முறைப்படி, வெளிச்சம் முழுநிலவு அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸுக்குக் குறையும் தூரம் அது. அந்த டார்ச் எவ்வளவு தூரத்துப் பொருளைக் காட்டும் என்பதற்கான கணக்கு. அது உங்கள் கண்ணில் எவ்வளவு தூரம் படும் என்பது வேறு.

அடுத்து வடிவம். ஒரே திசையில் பாயும் ஒளி இங்கே உதவாது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அணைந்ததுபோல இருக்கும். எல்லாப் பக்கமும் பரவும் குட்டி லாந்தர், பால்நிற மூடி போட்ட விளக்கு, சைக்கிளின் பின்னால் மாட்டும் ரப்பர்ப் பட்டை விளக்கு, நாய்க் கழுத்துப்பட்டை விளக்கு என எதுவும் ஆகும். நாய் விளக்கா என்று முகம் சுளிக்காதீர்கள். விலை குறைவு, மழை தாங்கும், டென்ட் கயிற்றில் நொடியில் மாட்டலாம்.

நிறத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிவப்பு விளக்கு இரவுப் பார்வையைக் கெடுக்காது என்பது உண்மை. ஆனால் அது டென்ட்டுக்குள் மேப் பார்க்கவும் பொருள் தேடவும் உதவும் குணம். இருட்டுக்குப் பழகிய கண் நீலமும் பச்சையும் கலந்த ஒளியைத்தான் நன்றாக உணரும், சிவப்பை மிகக் குறைவாக. தூரத்து அடையாளத்துக்குச் சிவப்பு மோசமான தேர்வு. வெள்ளையையும் மஞ்சளையும் சைட்காரரே சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார். ஆக, என் ஓட்டு பச்சைக்கு. கூட வருபவர்களில் யாருக்காவது நிறம் பிரித்தறிவதில் சிரமம் என்றால், நிறத்தை நம்பாமல் சிமிட்டலை நம்புங்கள். மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைக்கும் என்று கடைக்காரர் சொல்வார். பனித்துளி ஒளியலையைவிட மிகப் பெரியது. எந்த நிறமானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளுக்குப் பூச்சி குறைவாக வரும். அந்த லாபம் நிஜம்.

சிமிட்டும் வசதி இருந்தால் கட்டாயம் எடுங்கள். பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் எரிந்தால் பேட்டரி ஏறக்குறைய பத்து மடங்கு வரும். கண்ணும் அசையும் ஒளியைச் சட்டென்று பிடிக்கும். ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறை மெதுவாகச் சிமிட்டுவது போதும். படபடவென்று அடிக்கும் வேகம் வேண்டாம்: பக்கத்து டென்ட்காரர் தூங்க மாட்டார், வலிப்பு நோய் உள்ள சிலருக்கு அது ஆபத்தும்கூட. மலையேறுபவர்களிடையே நிமிடத்துக்கு ஆறு முறை ஒளி காட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி காட்டுவது உலகம் முழுக்க ஆபத்து அறிவிப்பு. அந்தக் கணக்கில் மட்டும் சிமிட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பேட்டரி. டபுள் ஏ செல் போடும் விளக்கு என் முதல் தேர்வு. மலைக் கிராமத்துப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். 20 மில்லிஆம்பியர் மட்டும் இழுக்கும் எல்இடி, 2,000 எம்ஏஎச் செல்லில் கணக்குப்படி 100 மணி நேரம் எரியும். சிஆர்2032 பட்டன் செல்லில் இருப்பது சுமார் 220 எம்ஏஎச். 10 மில்லிஆம்பியர் விளக்குக்கு அது 22 மணி நேரம். ஓரிரு இரவுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சின்னக் குழந்தைகள் வரும் பயணமென்றால் பட்டன் செல்லே வேண்டாம், விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. யூஎஸ்பி-யில் சார்ஜ் ஏற்றுவது வசதிதான், ஆனால் போனும் அதே பவர் பேங்க்குக்குத்தான் காத்திருக்கும். இன்னொன்று, குளிர். டிசம்பர், ஜனவரியில் மேல்மலையில் புல்மேல் உறைபனி படியும். அந்தக் குளிரில் சாதாரண அல்கலைன் செல் பாதி தூரத்திலேயே சோர்ந்துவிடலாம். லித்தியம் டபுள் ஏ விலை அதிகம், குளிரைப் பொருட்படுத்தாது.

நீர் காப்பைப் பொறுத்தவரை ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கத்துத் தெறிப்பையும் தாங்கும். பனிக்கும் தூறலுக்கும் அது போதும். அடைமழைக் காலமென்றால் ஐபிஎக்ஸ்7.

வாங்கியதும் மொட்டை மாடியில் சோதியுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டுவிட்டு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பாருங்கள். பெட்டியில் சொல்லும் எரியும் நேரம், வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 10 சதவீதமாகக் குறையும் வரையிலான நேரம். அடையாள விளக்குக்கு அந்த மிச்ச வெளிச்சமும் போதும்தான், உங்கள் கண்ணுக்கும் போதுமா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை. பையில் வைக்கும்போது செல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகுங்கள். வழியில் தானாக எரிந்து தீர்ந்துபோகாது.

மாட்டுவதற்கு முன், இருட்டுவதற்குள், கழிப்பறை வரை ஒருமுறை நடந்து போய் அங்கிருந்து திரும்பிப் பாருங்கள். டென்ட்டின் எந்த மூலை தெரிகிறதோ அங்கேதான் விளக்கு. கம்போ மரக்கிளையோ இருந்தால் தலைக்கு மேல் உயரத்தில் கட்டுங்கள்; தரையில் வைத்தால் புல்லே மறைத்துவிடும். வாசலுக்கு நேராக வேண்டாம், பூச்சியெல்லாம் உள்ளே வரும். டென்ட் கயிறுகளை ஒளி திருப்பும் இழை உள்ளதாக மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. செல் தீர்ந்தாலும் உங்கள் டார்ச் பட்டதும் அவை மின்னும், முளையில் கால் தடுக்கவும் செய்யாது.

பனியில் திசை தெரியாமல் போனால் பெரும்பாலோர் ஹெட்லேம்ப்பை இன்னும் கூட்டுவார்கள். நெற்றியிலிருந்து கிளம்பும் ஒளி பனித்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி, எதிரே வெள்ளைச் சுவர் எழும்பிவிடும். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். டார்ச்சை முழுசாக அணையுங்கள். அரை நிமிடம் கழித்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மங்கலான ஒளியை நேராக முறைத்தால் மறையும், சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். பச்சைச் சிமிட்டல் எந்தப் பக்கம் என்று பிடிபட்டதும் டார்ச்சைத் தலையிலிருந்து கழற்றி இடுப்புக்குக் கீழே பிடித்து, குறைந்த வெளிச்சத்தில், தரையைப் பார்த்து நடங்கள்.