கார் ஷெட்டும் மலைக்காற்றும்



தம்பி, பாலக்காட்டுப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் உன் வீட்டுக்கும் இடுக்கி மலையிலுள்ள ராமக்கல்மேட்டில் அக்கா வீட்டுக்கும் ஒரே மாதிரி ரெடிமேட் கார் ஷெட் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அளவெடுத்துச் செய்வது பணக்காரர்களின் ஆடம்பரம் என்றும் எழுதியிருந்தாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காரை மட்டும் பார்த்தால் ரெடிமேடே போதும். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு 2006-இல் வரிச்சலுகை வந்ததிலிருந்து கம்பெனிகளே பல கார்களின் நீளத்தை அதற்குள் சுருக்கிக்கொண்டன. பொலேரோவே 3,995 மில்லிமீட்டர்தான். ஐந்தரை மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் இருந்தால் கதவைத் திறந்து தாராளமாக இறங்கலாம். தனி அளவு வேண்டியது காற்றுக்கு.

கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நூலான ஐஎஸ் 875, மூன்றாம் பகுதியை எடுத்துப் பார். கதைப் புத்தகத்தைவிட ஆவலோடு நான் புரட்டும் நூல் அது. பின்னிணைப்பில் ஊர் ஊராகக் காற்றின் வேகம் போட்டிருப்பார்கள். சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், கோயம்புத்தூருக்கு 39. உங்கள் இரண்டு ஊர்களும் 39-இல்தான் வருகின்றன. அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதே. குன்றின் உச்சியிலும் செங்குத்துச் சரிவின் விளிம்பிலும் அந்த வேகத்தை 1.36 மடங்கு வரை உயர்த்தச் சொல்கிறது அதே நூல். பெருக்கினால் 53, சென்னையையே தாண்டிவிட்டது! அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், மற்றக் காரணிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ என்பது 172 ஆகிறது. கம்பம் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும் ராமக்கல்மேட்டு விளிம்பில் காற்றாலைகளை வேறு எதற்கு நட்டார்கள்? பக்கச் சுவரில்லாத ஷெட்டில் காற்று அடியில் புகுந்து, குடையைக் கவிழ்ப்பதுபோல் கூரையைத் தூக்கும். அரை மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூடத் தேறாது. பிடித்து நிறுத்துவதெல்லாம் பில்லரின் பேஸ் பிளேட், ஆங்கர் போல்ட், அடியிலுள்ள கான்கிரீட் ஆகியவைதான். மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில் ஒரு பாதி கெட்டி மண், மறுபாதி கொட்டி நிரப்பிய மண். நிரப்பிய பக்கத்தில் மூன்று அங்குலத் தரையில் போல்ட் முறுக்கிவிட்டுப் போனால் எந்த ஷெட்டும் நிற்காது.

பக்கத்து வீட்டு ஷெட் பல வருடமாக நிற்கிறதே என்பாய். அந்த வீடே அதற்குக் காற்றை மறைத்திருக்கலாம். ஒரு ஷெட் நிற்பதை வைத்து இன்னொன்றும் நிற்கும் என்று சொல்லக்கூடாது. செலவு கூடும் என்பது நியாயமான கவலைதான். ஆனால் கஞ்சிக்கோட்டில் முழுதாகத் தனியே செய்ய வேண்டியதில்லை. சட்டகத்தை ரெடிமேடாக வாங்கு. அஸ்திவாரத்தையும் திசையையும் மட்டும் உன் மனைக்கேற்ப முடிவு செய். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும். மேற்கே திறந்துவிட்டுக் கிழக்கே சுவர் எழுப்பினால், புகுந்த காற்று போக வழியின்றிக் கூரையைத்தான் தூக்கும். ராமக்கல்மேட்டில் இந்தச் சமரசம் செல்லாது. அங்கே அஸ்திவாரம் முதல் ஷீட் ஸ்க்ரூ வரை இடத்தைப் பார்த்துக் கணக்கிட்டே செய்யச் சொல். இரண்டு இடத்திலும் முன்பணம் கொடுப்பதற்கு முன், எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்கிட்டார்கள், பில்லர் குழி எத்தனை அடி ஆழம் என்று எழுதி வாங்கு. எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்காதே.