துளை போடும் முன்...
ஓஸ்லோவில் மாமாவின் பனிநடைப் பலகைக்கு பைண்டிங் மாட்டித் தந்தேன். பூட்ஸின் முன்நுனியை மட்டும் பிடித்து, குதிகாலை எழும்பவிடும் கவ்வி அது. கண்மதிப்பில் டிரில் போட்டேன், 3 செ.மீ. பின்னே போய்விட்டது. காட்டுப் பனியில் மாமா கால் தூக்கும்போதெல்லாம் பலகையின் மூக்கு தொங்கிப் பனியில் குத்தியது. "அவசரப்பட்டுட்டியேடா!" என்றார்.

முறை இதுதான்: பலகையை ஒரு மெல்லிய விளிம்பின்மேல் குறுக்கே வைத்து, சாயாமல் நிற்கும் இடத்தில் கோடு போடவும். 75 மி.மீ. பைண்டிங்கின் மூன்று முள்ளும் அந்தக் கோட்டில் அமையட்டும். பின்னே போனால் மூக்கு தொங்கும். முன்னே போனால் வால் இழுபடும்.

பழைய துளைகளை மரமுளையும் பசையும் வைத்து அடைத்து, மறுபடி மாட்டினேன். மூக்கு குத்தவில்லை. முதலாமாண்டில் மனப்பாடம் செய்த 'புவியீர்ப்பு மையம்' அன்றைக்குத்தான் புரிந்தது. முதலில் கோடு, பிறகே டிரில்!