மேற்கை எலும்பில் நெயில் பொருத்துதல்: உடற்கூறு அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கை எலும்பு முறிந்த எல்லோருக்கும் நெயில் (மஜ்ஜைக் குழாய்க்குள் செலுத்தும் உலோகக் கம்பி) தேவைப்படாது. நடுத்தண்டு முறிவுகளில் பெரும்பாலானவை, 1977-இல் சார்மியென்டோ விவரித்த கைக்கவசத்திலேயே கூடிவிடும். ஒரே எலும்பு இரண்டு இடங்களில் முறியும்போதும், புற்றுநோய் பரவிய எலும்பு உடையும்போதும், எலும்பு மெலிந்த முதியவர்களுக்கும் நெயில் பெரிதும் உதவுகிறது. எலும்பியல் துறைக்குள் புதிதாக நுழையும் மாணவர்கள் தொடை எலும்பில் நெயில் போடத்தான் முதலில் பழகுகிறார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே மேற்கைக்குக் கொண்டுவரக் கூடாது. இதன் வடிவம் வேறு, நரம்புகளின் நெருக்கம் வேறு.

படி 1: உலர்ந்த எலும்பைக் கையில் எடுங்கள்

மேலே அரைக்கோள வடிவில் தலை. அதன் வெளிப்புறம் பெரிய முகடு, முன்புறம் சிறிய முகடு, இரண்டுக்கும் நடுவே பைசெப்ஸ் தசைநாண் ஓடும் பள்ளம். முகடுகளுக்குக் கீழே எலும்பு குறுகும் இடம் சர்ஜிக்கல் நெக். முறிவுகள் அதிகம் நேரும் பகுதி. தண்டின் நடுவே வெளிப்புறம் டெல்டாய்டு தசை ஒட்டும் சொரசொரப்பான மேடு. பின்புறம் சாய்வாக இறங்குவது ரேடியல் நரம்பின் தடம். கீழ்முனையில் பின்பக்கக் குழி. கையை நீட்டும்போது முழங்கை எலும்பின் முனை இதற்குள் அமரும்.

தலை நேராக உட்புறம் பார்ப்பதில்லை. சுமார் 20 முதல் 30 பாகை பின்னோக்கித் திரும்பியிருக்கும். ஆளுக்கு ஆள் மாறும். தலைக்கும் தண்டுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 130 முதல் 135 பாகை.

படி 2: நுழைவிடத்தைத் தேர்ந்தெடுங்கள்

வளைந்த பழைய நெயில்கள் பெரிய முகட்டை ஒட்டி நுழைந்தன. சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாண் எலும்பைப் பற்றும் இடம் அதுவே. அங்கே வெட்டினால் ஆறுவது தாமதம், தோள்வலி நீடிக்கும். நேரான நெயில் தலையின் உச்சி வழியே, மஜ்ஜைக் குழாயின் அச்சில் இறங்கும். அதற்குத் தசையை நார்களின் போக்கிலேயே பிரித்து, முடிந்ததும் கவனமாகத் தைக்க வேண்டும்.

தலையின் உச்சி பெரிய முகட்டைவிட 5 முதல் 8 மி.மீ. உயரமானது. நெயிலின் மேல்முனை குருத்தெலும்புக்குக் கீழே முழுமையாகப் புதைந்ததா என்று சி-ஆர்மில் உறுதி செய்யுங்கள். துருத்தினால் கையைத் தூக்கும்போதெல்லாம் உரசும்.

படி 3: மஜ்ஜைக் குழாயை அளவிடுங்கள்

தொடை எலும்பின் குழாய் கீழே மறுபடி விரியும். மேற்கைக் குழாயோ புனலைப் போல மேலே அகன்று, கீழே செல்லச் செல்லக் குறுகித் தட்டையாகி, பின்பக்கக் குழிக்கு 2 முதல் 3 செ.மீ. மேலேயே முடிந்துவிடும். நீளம் மிகுந்த நெயிலைத் தட்டி இறக்கினால் அதன் நுனி அங்கே சிக்கி, கீழ்ப்பகுதி பிளக்கலாம். அல்லது முறிவிடத்தில் இடைவெளி விழலாம். காலில் உடல் எடை அந்த இடைவெளியை மூட உதவும். தொங்கும் கையிலோ அதன் எடையே துண்டுகளைப் பிரிக்கும். எலும்பு கூடாமலே போகக்கூடும். எனவே நீளத்தையும் விட்டத்தையும் முன்கூட்டியே எக்ஸ்ரேயில் அளந்து வையுங்கள். நெயிலைச் சுத்தியலால் தட்டாமல், கையால் மெல்லத் திருகி இறக்குங்கள்.

படி 4: நரம்புகளின் வழியை மனத்தில் வரையுங்கள்

*ரேடியல் நரம்பு:* எலும்பின் பின்புறத்தை ஒட்டி உள்ளிருந்து வெளியே கடந்து, வெளிப்புற எபிகாண்டைலுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே தசைத்தடுப்பைத் துளைத்து முன்புறம் வருகிறது. அந்த இடத்தில் நரம்பு அசைய இடமில்லை. கீழ் மூன்றிலொரு பகுதியின் சாய்வு முறிவில் அது சிக்குவதை ஹோல்ஸ்டீனும் லூயிஸும் 1963-இல் விவரித்தார்கள். தண்டு முறிவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த நரம்பு பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் தானே மீளும். முறிவிடையே நரம்பு சிக்கியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், சிறு திறப்பில் நேரில் பார்க்காமல் குழாயை அகலமாக்கும் ரீமரைச் செலுத்தாதீர்கள்.

*ஆக்ஸிலரி நரம்பு:* அக்ரோமியன் விளிம்புக்கு 5 முதல் 7 செ.மீ. கீழே, டெல்டாய்டுக்கு அடியில் குறுக்காக ஓடுகிறது.

படி 5: பூட்டுத் திருகுகளைப் பாதுகாப்பாகப் போடுங்கள்

- மேல் திருகுகள்: வெளிப்புறத்திலிருந்து போடும்போது ஆக்ஸிலரி நரம்பின் மட்டத்தைத் தவிர்க்கவும்.
- கீழே, முன்னிருந்து பின்னாக: உட்புறம் பிரேக்கியல் தமனியும் மீடியன் நரம்பும் உள்ளன, மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பும் அருகில்.
- கீழே, வெளியிருந்து உள்ளாக: ரேடியல் நரம்புக்கு ஆபத்து.

எந்தத் திசையானாலும் தோலில் சிறு துளை மட்டும் போட்டு டிரில்லை நுழைக்காதீர்கள். 2 அல்லது 3 செ.மீ. திறந்து, மழுங்கிய கருவியால் எலும்புவரை விலக்கி, பாதுகாப்புக் குழாய் வைத்துத் துளையிடுங்கள்.

படி 6: சுழற்சியைச் சரிபாருங்கள்

டெல்டாய்டு மேட்டுக்கு மேலே முறிந்தால் பெக்டோராலிஸ் மேல்துண்டை உட்புறம் இழுக்கும். கீழே முறிந்தால் டெல்டாய்டு அதை வெளிப்புறம் தூக்கும். ஆகவே திருகால் பூட்டும் முன் தலை, பைசெப்ஸ் பள்ளம், முழங்கை அச்சு மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

படி 7: குழந்தைகளில் கூடுதல் எச்சரிக்கை

மேற்கையின் வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் மேல்முனை வளர்ச்சித் தட்டிலிருந்து வருகிறது. அதன் வழியே கெட்டியான நெயிலைச் செலுத்தக் கூடாது. தேவைப்பட்டால் வளையும் நெயில்களே ஏற்றவை.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

அறுவை அரங்குக்குள் போகும் முன் நோயாளியை மணிக்கட்டையும் கட்டைவிரலையும் மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். பார்த்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அறுவைக்குப் பின்னும் அதையே செய்யுங்கள். ஒரு நிமிட வேலைதான். நரம்பு எப்போது பாதிக்கப்பட்டது என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பு மட்டுமே பதில் சொல்லும்.