எறா ஒத்துக்காது மிஸ்

காசிமேட்டுப் பிள்ளைகளுக்குக் கணுக்காலிகள் பாடம் நடத்துவது எளிது. நண்டுக்கு எத்தனை கால் என்று கேட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிடும். அதே வகுப்பில் "எனக்கு எறா ஒத்துக்காது மிஸ்" என்று தயங்கிச் சொல்லும் பிள்ளையும் இருக்கும். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு இறால் ஒத்துக்காதா என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். வீட்டில் "உடம்புச் சூடு", "காணாக்கடி" என்று சொல்லி வெற்றிலைச் சாறு தடவுவார்கள். பெரும்பாலான நாள்களில் தடிப்பு தானாக அடங்கிவிடும். அடங்காத நாளுக்கு நாம் தயாராக இருக்க வேண்டும்.

"ஒத்துக்காது" என்பது எல்லாமே ஒவ்வாமை அல்ல. ஐஸ் போதாமல் வெயிலில் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். அதைத் தின்றால் முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வரும். இது நஞ்சு, சேர்ந்து சாப்பிட்ட பலருக்கும் வரலாம். ஒரே சட்டிக் குழம்பில் ஒரு பிள்ளைக்கு மட்டும், சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு முறையும் வந்தால் ஒவ்வாமை என்று சந்தேகிக்கலாம்.

இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் தசையில் ட்ரோப்போமயோசின் என்ற புரதம் இருக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் இதைப் பகையாக எண்ணிவிடுவதே பெரும்பாலும் காரணம். கொதிக்க வைத்தாலும் இப்புரதம் அழிவதில்லை. வேகும் ஆவியிலும் கலந்து வரும். கரப்பான்பூச்சியிலும் வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியிலும் இதை ஒத்த புரதம் உண்டு. கணுக்காலிகளின் உறவுமுறையை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. கடம்பா, மட்டி போன்ற மெல்லுடலிகளும் சிலருக்கு ஆகாது. மீன் ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் வேறு. ஆகவே இறால் ஆகாத பிள்ளைக்கு வஞ்சிரத்தையும் சங்கராவையும் நாமாக நிறுத்த வேண்டியதில்லை. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர மறையும். இறால் ஒவ்வாமை பெரும்பாலும் மறைவதில்லை.

சென்ற முறை தடிப்போடு போயிற்று என்பது அடுத்த முறைக்கு உத்தரவாதம் ஆகாது. குரல் கம்முவது, மூச்சு இரைவது, நாக்கோ தொண்டையோ வீங்குவது, தலை சுற்றித் துவள்வது, தடிப்புடன் திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது இவற்றில் எதைக் கண்டாலும் அது அனஃபிலாக்ஸிஸ் என்றே கொள்ள வேண்டும். ஃபிரான்சின் சார்ல் ரிஷேயும் போல் போர்ட்டியேவும் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தபோது, இரண்டாம் முறை செலுத்திய மிகச் சிறிய அளவே உயிரைப் பறித்தது. 1902இல் அவர்கள் வைத்த பெயர்தான் இது. ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்த நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். செட்டிரிசின் அரிப்பைத்தான் குறைக்கும், மூச்சைத் திறக்காது. உடனே 108ஐ அழையுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவிடலாம். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். குணமானதுபோலத் தெரிந்தாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், ஏனெனில் இரண்டாம் முறையும் வரக்கூடும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஆபத்து கூடுதல். மருத்துவர் ஏற்கெனவே ஊசியை எழுதிக்கொடுத்திருந்தால், அது பள்ளியில் எங்கே இருக்கிறது, யார் போடுவது என்பதை முன்கூட்டியே பெற்றோரோடு பேசி முடித்திருக்க வேண்டும்.

இறாலைத் தவிர்ப்பது சொல்வதுபோல் எளிதல்ல. காரக்குழம்பில் சென்னாக்குனி இருக்கும். மீன் வறுத்த எண்ணெயிலேயே இறாலையும் வறுத்திருப்பார்கள். அம்மா இறால் உரிக்கும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே சில பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகும், இருமல் வரும். மதியம் டிபன் பாக்ஸ் கை மாறுவதும் உண்டு. சாப்பிட்டபோது ஒன்றும் ஆகாமல், உடனே ஓடியாடிய பிறகு ஒவ்வாமை வெளிப்படுவோரும் உண்டு. உடற்கல்வி ஆசிரியரிடம் இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள்.

ஜூன் 14இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும். இறால் வரத்து கூடும். பள்ளி திறப்பதும் அதே மாதம்தான். சேர்க்கைக்கு வரும் தாயிடம் "அலர்ஜி இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்ல மிஸ்" என்பார். "எதைத் தின்னா பிள்ளைக்குக் காணாக்கடி வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் சொல்வார். அதை அப்படியே வருகைப் பதிவேட்டின் உள்அட்டையில் எழுதி வைக்கிறேன். நான் விடுப்பில் இருக்கும் நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.