சிறிய காப்புறுதியும் சட்டத்தின் காவலும்

இந்தப் பாடத்தில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். "காப்புறுதிக்கு" என்று நாம் மாதாமாதம் கொடுக்கும் சிறு தொகைக்கு யார் பொறுப்பு?

பண்டத்தரிப்பு, மாதகல், சில்லாலைப் பக்கத்தில் மரண உதவிச் சங்கம் என்றால் எவருக்கும் விளங்கும். வீட்டுக்கு வீடு சந்தா சேர்த்து, செத்தவீட்டுச் செலவுக்குக் கொடுப்பார்கள். இறந்தவரை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அத்தாட்சி கேட்டு அலைக்கழிப்பதில்லை. ஏழைகளின் காப்புறுதி பல நாடுகளில் இப்படித்தான் தொடங்கியது. ஆனால் ஒருவருக்குத் துன்பம் வரும்போது மற்றவர்கள் நன்றாக இருப்பார்கள் என்ற கணக்கிலேயே இது நிற்கிறது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அந்தக் கணக்குப் பிழைத்தது. 2008 நவம்பரில் நிஷா புயலின் வெள்ளம் தோட்டங்களை மூடியபோதும் அப்படியே. எல்லோருக்கும் ஒரே நாளில் இழப்பு என்றால் ஊர்ப் பெட்டி போதாது. தூரத்தில் உள்ளவர்களோடும் அதைப் பங்கிட வேண்டும். இதற்கே கம்பனியும், அந்தக் கம்பனி தன்னையே இன்னொரு பெரிய கம்பனியில் காப்புறுதி செய்துகொள்ளும் மீள்காப்புறுதியும் தேவைப்படுகின்றன.

கம்பனி என்றதும் சட்டம் வருகிறது. காப்புறுதியில் நமது பணம் முதலில் போகிறது. அவர்களது வாக்குப் பிறகுதான் சோதிக்கப்படுகிறது. இடையில் அந்தப் பணத்தைத் தின்றுவிடாமல் காக்க ஒருவர் வேண்டும். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி, பதிவு பெறாத எவரும் இலங்கையில் காப்புறுதித் தொழில் நடத்த முடியாது. மேற்பார்வை செய்வது காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. கம்பனியிடம் குறைந்தது 50 கோடி ரூபா மூலதனம் இருக்க வேண்டும் என்பது விதி. பணம் கட்டுபவருக்கு இது நல்ல காவல். ஆனால் அதே வேலி ஊர்ச் சங்கத்தை வெளியே நிறுத்துகிறது. சணச இயக்கம் தனது பரஸ்பர உதவித் திட்டத்தைப் பதிவு பெற்ற கம்பனியாக மாற்றியது. நாடு முழுவதும் கிளை உள்ள இயக்கத்துக்கு அது இயலும். ஒரு கிராமத்துக்கு இயலுமா?

இந்தியா 2005இல் வேறு வழி எடுத்தது. கம்பனியின் மூலதன விதியைத் தளர்த்தாமல், சிறு காப்புறுதிக்கென்று தனி விதிகள் வகுத்தது. சுயஉதவிக் குழுக்களும், ஏழைகளிடையே குறைந்தது 3 ஆண்டு பணிசெய்த தொண்டு நிறுவனங்களும் கம்பனியின் முகவராகலாம் என்றது. பத்திரம் எளிய உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும் என்றது. நூறு ரூபா சேர்க்க வருபவருக்கும் பெற்றோல் செலவு ஒன்றுதான். ஊர்க் குழுவே சேர்த்துக் கொடுத்தால் அந்தச் செலவு குறையும். நமக்கும் பொருத்தமான வழி இதுவே என்பது எனது எண்ணம். பணம் கம்பனியில், சேர்ப்பவர் ஊரில்.

அதுவரை நம் கையிலுள்ளதைப் பார்ப்போம். குழுக்கடன் எடுக்கும்போது காப்புறுதிக்கென்று ஒரு தொகை கழிக்கப்பட்டால், எந்தக் கம்பனி, என் பெயரில் பத்திரம் எங்கே என்று கேளுங்கள். கடன் எடுத்தவர் இறந்தால் அந்தப் பணம் பெரும்பாலும் முதலில் கடனுக்கே போகும். மிச்சம் இருந்தால்தான் குடும்பத்துக்கு. இதைச் சொல்லாமலே கையெழுத்து வாங்குபவர்கள் உண்டு. யுத்தத்தால் வரும் சேதத்தைப் பல பத்திரங்கள் விலக்கியிருக்கும். சிறிய எழுத்தில் இருப்பது அதுதான்.

பயிருக்கு அரச ஏற்பாடு தனியாக உண்டு. நெற்பயிர்க் காப்புறுதி 1958இல் தொடங்கியது. இப்போதுள்ள கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபை 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. எந்தப் பயிருக்கு எவ்வளவு என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். சொந்தக் காணியை விட்டு வந்து, பிறர் காணியில் வெங்காயம் வைப்பவர்கள் குத்தகை உடன்படிக்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். காணி அவருடையது, பயிர் உங்களுடையது என்று காட்ட அந்தத் தாளே உதவும்.

இழப்பீடு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 2005 முதல் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார். அவரது சேவைக்குக் கட்டணம் இல்லை.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பற்றுச்சீட்டு, பத்திரம், கடன் புத்தகம் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். கம்பனியின் பெயர், இலக்கம், பணம் யாருக்கு என்று எழுதியிருக்கிறது ஆகிய மூன்றையும் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கொண்டு உரத்து வாசிப்பியுங்கள். இடம்பெயர்வதற்கு முன் எழுதிய பழைய முகவரியும், இறந்துபோனவரின் பெயரும் இன்னும் அதில் இருந்தால் அன்றே மாற்றக் கடிதம் எழுதலாம்.